கிருத்திகைக்கு மறுநாள் எடுத்த படம்

செப்டம்பர் 1, திங்கள்

எடை 58. பிரஷர் 100/70. தண்ணீர் ஒன்றரை லிட்டர்.

டாக்டர் தினமும் எழுதச் சொன்னது இவ்வளவுதான். என் மனைவி துளசிமணியின் எடை, பிரஷர், அவள் குடிக்கும் தண்ணீர். மோட்டார் காயில் வயர் கம்பெனிக்காரன் கொடுத்த டைரி சும்மாதான் கிடந்தது, அதில் எழுதுகிறேன். எழுதச் சொல்லாததையும் எழுதப்போகிறேன். வேறு யாரிடம் சொல்வது? எனக்குப் பயமாக இருக்கிறது.

போன வியாழக்கிழமை காலை மாவு அள்ளிக்கொண்டிருந்தவள் அப்படியே கிரைண்டர் மேல் சாய்ந்தாள். நான் ஓடிப்போய் முதலில் ஸ்விட்சை அணைத்தேன். பிறகுதான் அவளைத் தூக்கினேன். முப்பது வருடமாக மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன் புத்தி அப்படித்தான் போகும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்த இரண்டு விநாடி என்னை விடமாட்டேன் என்கிறது.

உடுமலையில் எக்கோ எடுத்தார்கள். கோயம்புத்தூரில் ஆஞ்சியோ பார்த்தார்கள். அடைப்பு ஒன்றும் இல்லையாம். ஆனால் ஹார்ட் பம்பிங் முப்பத்திரண்டு சதவீதம்தான். நல்ல இதயத்துக்கு அறுபது இருக்க வேண்டுமாம். முப்பத்திரண்டு சதவீதம் தண்ணீர் எடுக்கிற மோட்டாரைக் கொண்டுவந்தால் நான் என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியும். "இதைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிக்கங்க" என்பேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

எடை 58. தூங்கும்போது மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன். முழித்துக்கொண்டு, "இருக்கறனுங்க, தூங்குங்க" என்றாள்.

செப்டம்பர் 4, வியாழன்

கோவை. டாக்டர் ரெஜினா நாற்பது வயதுக்காரர். படபடவென்று பேசினாலும் விளங்கும்படி பேசுகிறார். அடைப்பு இல்லாமல் பம்பிங் குறைந்தால் இதயத் தசையிலேயே ஏதோ கோளாறாம். ஒன்று, தசை செத்துத் தழும்பாகியிருக்கலாம். அல்லது உள்ளே எங்கோ அழற்சி கனன்றுகொண்டிருக்கலாம். தழும்பு என்றால் செய்வதற்கு அதிகம் இல்லை. அழற்சி என்றால் மருந்து கேட்கும்.

"அதை எப்படிங்க டாக்டர் வெளியில இருந்து பாக்கறது?"

"ரெண்டு ஸ்கேன் எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுப் பார்ப்போம் சார். எம்.ஆர்.ஐ. இதயம் எப்படி அசையுது, எங்க தழும்புன்னு காட்டும். பெட் ஸ்கேன்ல லேசா கதிர்வீச்சு கலந்த சர்க்கரையை ஊசியில போடுவோம். அழற்சி இருக்கிற இடம் அந்தச் சர்க்கரையை இழுத்துக்கும். அந்த இடம் மட்டும் படத்துல எரியும். ரெண்டையும் சேர்த்தாதான் எந்தச் சுவர்ல, எவ்வளவுன்னு அளக்க முடியும்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. மோட்டாரில் மெக்கர் மீட்டர் வைத்து எந்தக் காயில் கருகியிருக்கிறது என்று பார்க்கிற மாதிரி. ஆனால் கருகியிருக்கிறது என்று தெரிந்த பிறகு நான் காயிலை வெட்டி எறிவேன். இவர்கள் என்ன செய்வார்கள் என்று நான் கேட்கவில்லை.

செப்டம்பர் 6, சனி

திருப்பூரிலிருந்து மகள் தென்றல் வந்திருக்கிறாள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஒரு மாத லீவு கேட்டிருக்கிறாள். வந்ததும் எல்லா ரிப்போர்ட்டையும் போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டாள். அப்பனைப் போலக் கைகால் நடுங்குகிற பிள்ளை இல்லை.

சனிக்கிழமை பகுத்தறிவுப் படிப்பகத்தில் கூட்டம். போகவில்லை. தோழர்கள் நாலு பேர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள், நாலும் கறுப்புச் சட்டை. துளசி டீ போட எழுந்தாள், தென்றல் உட்கார வைத்தாள். ஒருவர் சமையலறை அலமாரியில் இருக்கிற முருகனைப் பார்த்துவிட்டு, "என்ன நம்பி, இவரு இருந்துமா தங்கச்சிக்கு இப்படி ஆச்சு?" என்று சிரித்தார். மற்ற நாளென்றால் முதலில் சிரிக்கிறவன் நான்தான். எனக்கு அப்பா வைத்த பெயர் அறிவுடைநம்பி. அந்தப் பெயருக்கு ஏற்ற பேச்சைத்தான் இத்தனை வருடம் பேசியிருக்கிறேன்.

இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஆளை வெளியே தள்ளலாம் போல இருந்தது.

துளசி என் மாமன் மகள். இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் மாலை மட்டும் மாற்றிக்கொண்டோம். தாலி கிடையாது, ஐயர் கிடையாது. அன்றே ஒப்பந்தம்: முருகனுக்கு ஒரு அலமாரி உண்டு, என் நெற்றியில் திருநீறு கிடையாது. பிறகு சீட்டு எடுத்த காசில் அவளே ஒரு தாலிக்கொடி வாங்கி அவளே போட்டுக்கொண்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது. என்ன சொல்லியிருக்கலாம் என்றுதான் தெரியவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

எடை 59. கால் லேசாக வீங்கியிருக்கிறது. மாத்திரையைக் கூட்டினார்கள்.

ஸ்கேனுக்கு நாள் கொடுத்துவிட்டார்கள், 13 சனிக்கிழமை. அந்தச் சர்க்கரை மருந்து அன்றன்று தயாராகி வர வேண்டுமாம், அதனால் தேதியை மாற்றவே முடியாதாம். துளசி காலண்டரைப் பார்த்தாள். முதல் நாள் வெள்ளிக்கிழமை கிருத்திகை.

"அதனால என்னம்மா?" என்றாள் தென்றல்.

"ஒண்ணுமில்ல கண்ணு."

செப்டம்பர் 10, புதன்

அந்த 'ஒண்ணுமில்ல' என்ன என்று இன்றைக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் போன் செய்து, முதல் நாள் என்ன சாப்பிட வேண்டும் என்று சொன்னாள். சோறு, இட்லி, பால், பழம், சர்க்கரை, வெல்லம் ஒன்றும் கூடாது. முட்டை, கறி, நெய் மட்டும். ராத்திரி ஏழு மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர் மட்டும், ஸ்கேன் முடிகிற வரை.

நல்ல இதயம் சர்க்கரையும் எரிக்கும், கொழுப்பும் எரிக்குமாம். ஒரு நாள் மாவுச்சத்தே இல்லாமல் பட்டினி போட்டால் கொழுப்புக்கு மாறிவிடுமாம். அப்போது அழற்சி இருக்கிற இடம் மட்டும்தான் சர்க்கரைக்கு வாயைத் திறக்கும். "ஒரு பிஸ்கட் சாப்பிட்டாலும் இதயம் முழுக்க எரியுங்க, படம் வீணாப் போயிரும்" என்றாள்.

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். மூன்று பேரும் கேட்டோம். நானும் கேட்டேன். அதைக் குறித்து வைக்கிறேன்.

துளசி கிருத்திகைக்குக் கறி தின்றதில்லை. கல்யாணத்துக்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. தென்றல் பிறந்த வாரம் வந்த கிருத்திகைக்கும் பால் மட்டும் குடித்துவிட்டு இருந்தவள்.

செப்டம்பர் 12, வெள்ளி. கிருத்திகை

காலையில் தென்றல் நெய்யில் முட்டை பொரித்தாள். துளசி முதலில் அலமாரிக் கதவைச் சாத்தினாள். முருகன் பார்க்கக் கூடாதாம். பிறகு உட்கார்ந்து தின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் தட்டில் விழுந்தது, துடைக்கவும் இல்லை.

"நீங்க ஒண்ணும் கேலி பேசாதீங்க" என்றாள் என்னைப் பார்த்து.

நான் தண்ணீர்ச் சொம்பை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன். மத்தியானம் கறி. இரண்டு துண்டு தின்றுவிட்டு, "இந்தப் பாவத்தோட போய் அந்த மெஷினுக்குள்ள படுக்கோணுமாக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பயத்தில் அவளுக்கு உதடு வெளுத்திருந்தது. அவளுக்கு மெஷின்மேல் பயமில்லை, அதற்கு முன்னால் முருகன் கோபித்துக்கொள்வானே என்றுதான் பயம்.

மத்தியானத்துக்கு மேல் மடத்துக்குளம் பக்கம் ஒரு கம்ப்ரஸர் மோட்டார் பார்க்கப் போனேன். பஸ்ஸெல்லாம் பழனிக் கூட்டம். திரும்ப ராத்திரி எட்டரை ஆகிவிட்டது. முழங்கால் இரண்டும் விண்விண் என்கிறது, வயதாகிவிட்டது. பழனிக்குப் போய்வந்த வாடிக்கையாளர் ஒருத்தர் ஒரு டப்பா பஞ்சாமிர்தம் கையில் திணித்தார். வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. பிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறேன்.

நான் உள்ளே வந்ததும் துளசி முந்தானையால் என் நெற்றியை அவசரமாகத் துடைத்துவிட்டாள். ஏதோ ஒட்டியிருந்ததாம். தென்றல் அப்போது உள்ளறையில் இருந்தாள்.

செப்டம்பர் 13, சனி

விடிவதற்கு முன் கிளம்ப வேண்டும். துளசி குளித்து அலமாரியைத் திறந்து கும்பிட்டாள். தென்றல் வெளியே காரில் பையை ஏற்றிக்கொண்டிருந்தாள். கிளம்பக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

பொள்ளாச்சி தாண்டும்போது துளசியின் உதட்டோரம் ஒரு எறும்பு ஊர்ந்தது. தட்டிவிட்டேன்.

எம்.ஆர்.ஐ.க்கு உலோகம் ஒன்றும் ஆகாதாம். மூக்குத்தி, மெட்டி, தாலிக்கொடி எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்தாள். வீட்டிலிருந்தே ஒரு மஞ்சள் கயிறு கொண்டுவந்திருந்தாள். "கழுத்து சும்மா இருக்கக் கூடாதுங்க. கை எட்டல, சித்த கட்டி விடுங்க." கட்டினேன். மூன்று முடிச்சு என்று அவள் சொல்லவில்லை. நானே போட்டேன்.

கதவைச் சாத்திவிட்டார்கள். உள்ளே மெஷின் டக் டக் டக் என்று அடிக்கிற சத்தம் வராந்தா வரை கேட்டது. இப்படி அடிக்கிற மோட்டாரை நான் உடனே நிறுத்திவிடுவேன். சட்டைப் பைக்குள் தாலிக்கொடியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். விட்டால் அவள் வெளியே வரமாட்டாள் என்று ஒரு நினைப்பு. இது மூடநம்பிக்கை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் விடவில்லை.

பிறகு விரலில் குத்தி ரத்தச் சர்க்கரை பார்த்தார்கள், ஊசி போட்டார்கள், ஒரு மணி நேரம் தனி அறையில் படுக்க வைத்தார்கள், பெட் ஸ்கேன் எடுத்தார்கள். வெளியே வந்ததும், "பசிக்குதுங்க" என்றாள். மூன்று இட்லி சாப்பிட்டாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

எடை 58. ஒன்றுமில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஒன்றுமில்லாமல் இல்லை.

டாக்டர் ரெஜினா கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். கறுப்பாக இதயத்தின் உருவம், அதன்மேல் பெட் படத்தைப் போட்டார். மோதிரம் போல வட்டமாக, முழுசாக, ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது. ஒரு இடம்கூட விடவில்லை.

"நாங்க ஒரு பேட்ச், ரெண்டு பேட்ச் எதிர்பார்த்தோம்" என்றார். "இப்படி முழுக்க எரிஞ்சா ரெண்டு அர்த்தம். ஒண்ணு, சாப்பாட்டு விதி எங்கயோ தவறியிருக்கணும். இன்னொண்ணு, இதயம் முழுக்க அழற்சி. ரெண்டாவது கொஞ்சம் மோசம். அதனால நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. முதல் நாளோ அன்னிக்குக் காலையிலயோ பால், பழம், இனிப்பு, ஏதாவது?"

"இல்லீங்க மேடம்" என்றாள் துளசி. "பச்சைத் தண்ணிதான்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த இதயப் படத்தைப் பார்த்தேன்.

அப்படியானால் பயாப்ஸி செய்ய வேண்டும் என்றார். கழுத்து நரம்பு வழியாகக் கம்பியை விட்டு இதயத்துக்குள்ளிருந்து ஒரு துணுக்கு சதையைக் கிள்ளி எடுப்பார்கள். சனிக்கிழமை காலை. அதற்குப் பிறகு பெரிய டோஸ் மருந்து. அதற்கும் கேட்காவிட்டால் சென்னையில் மாற்று இதயத்துக்குப் பெயர் கொடுக்க வேண்டி வரலாம்.

வரும் வழியெல்லாம் தென்றல் அழுதுகொண்டே வந்தாள். துளசி அவள் தலையைத் தடவினாள். ஒரு கரண்டியில் என்ன ஆகிவிடப்போகிறது? யாராவது கேட்டால் அப்படித்தான் சொல்வேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

செப்டம்பர் 17, புதன்

பட்டறைக்குப் போனேன். ஒரு சப்மெர்சிபிள் மோட்டாருக்குத் தப்பான சுற்றுக் கட்டிவிட்டேன். அவிழ்த்தேன். மறுபடியும் தப்பு.

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். "கார்டியாலஜி, சொல்லுங்க" என்றது ஒரு குரல். வைத்துவிட்டேன்.

சொல்லி என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். படிப்பகம் சிரிக்கும். சிரிக்கட்டும். தென்றல் என்னை எப்படிப் பார்ப்பாள்? சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் அவளைத் திருநீறு பூசச் சொன்னதற்காக ஹெட்மாஸ்டரோடு சண்டை போட்டவன் நான். அதைவிட இன்னொன்று. நான் சொல்லி, திரும்ப ஸ்கேன் எடுத்து, அப்போதும் இதயம் முழுசாக எரிந்தால்? இப்போது ஒரு கரண்டியைச் சாக்காக வைத்துக்கொண்டு ரகசியமாகக் கொஞ்சம் நிம்மதி வைத்திருக்கிறேன். சொல்லிவிட்டால் அதுவும் போய்விடும்.

எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. மூன்று நாளில் அவள் இதயத்தில் கம்பி விடப்போகிறார்கள்.

செப்டம்பர் 18, வியாழன்

தென்றல் பிரிட்ஜ் மேல் துடைக்கும்போது டப்பாவைப் பார்த்துவிட்டாள். எறும்பு மொய்த்திருந்தது. திறந்தாள்.

"அம்மா, இதுல எடுத்திருக்கு. யாரு சாப்பிட்டது?"

துளசி அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "நான்தான் கண்ணு. நேத்து சித்த வாயில வெச்சேன்" என்றாள்.

"நேத்தா? சனிக்கிழமை இல்லையே?"

"நேத்துதான்."

"அம்மா, பொய் சொல்லாத. என் மேல சத்தியமா?"

"சத்தியமெல்லாம் எதுக்கு, போ அக்கட்ட" என்று துளசி சத்தம் போட்டாள். சத்தம் போட்டதில் மூச்சு வாங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தென்றல் பயந்துபோய் நாற்காலி கொண்டுவந்தாள். அதோடு பேச்சு நின்றுவிட்டது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். என் மனைவி எனக்காக ஒரு டப்பாவை மறைக்கிறாள். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். ரேடியோவில் செய்தி போய்க்கொண்டிருந்தது. அதைக் கூட்டி வைத்தேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. சாயங்காலம் டாக்டர் ரெஜினா வந்து, கட்டிலில் துளசி, அந்தப் பக்கம் தென்றல், இந்தப் பக்கம் நான் இருக்கும்போதே எல்லாவற்றையும் விளக்கினார். நூற்றில் ஒருவருக்கு இதயச் சுவரில் ஓட்டை விழலாம், ரத்தம் கசியலாம், அவசரமாக ஆபரேஷன் தேவைப்படலாம். "பம்பிங் கம்மியா இருக்கிறதால கொஞ்சம் கூடுதல் கவனம். இங்க கையெழுத்துப் போடுங்க சார்."

பேனாவை வாங்கினேன். துளசியைப் பார்த்தேன். போடுங்க என்று கண்ணாலேயே சொன்னாள். அந்தக் கண்ணில் ஒரு கெஞ்சல் இருந்தது. இதயத்தைக் கிள்ளினாலும் பரவாயில்லை, நீங்க வாயைத் திறக்காதீங்க என்கிற கெஞ்சல்.

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"டாக்டர், போன வெள்ளிக்கிழமை நான் பழனிக்குப் போனேனுங்க" என்றேன்.

"சரி" என்றார் டாக்டர், புரியாமல்.

"மோட்டார் பாக்கப் போகலைங்க. மலை ஏறினேன். படியிலதான். கிருத்திகைக்குக் கறி தின்னுட்டேன்னு இவ அழுதா, எனக்குப் பொறுக்கல. எனக்குச் சாமி கும்பிடத் தெரியாதுங்க. கூட்டத்தோட நின்னேன், அங்க நெத்தியில பூசி விட்டாங்க, ஒரு டப்பா வாங்கினேன். சனிக்கிழமை காலையில கிளம்பறப்ப இவ வாயில நான்தான் ஊட்டினேன். முருகன் கோவிச்சுக்கலைன்னு சொல்லி ஊட்டினேன். ஒரு கரண்டி." கொஞ்சம் நிறுத்தினேன். "ரெண்டு கரண்டிங்க. பெரிய கரண்டி."

தென்றல் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தாள். டாக்டர் என் கையிலிருந்து காகிதத்தை வெடுக்கென்று வாங்கினார்.

"மிஸ்டர் நம்பி, நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு இவங்க இதயத்துக்குள்ள நான் போயிருப்பேன். தெரியுதா உங்களுக்கு? செவ்வாய்க்கிழமை உங்க முகத்தைப் பார்த்துத்தானே கேட்டேன்?" அவர் குரல் நடுங்கியது. கோபம். "நீங்களுமாம்மா?"

துளசி தலையைக் குனிந்துகொண்டாள்.

"வாழைப்பழம், வெல்லம், தேன், கற்கண்டு. அது பஞ்சாமிர்தம் இல்ல, என் ஸ்கேனுக்கு வெச்ச வெடி" என்று சொல்லிவிட்டு டாக்டர் வெளியே போனார். கதவருகே நின்று திரும்பினார். "பயாப்ஸி கேன்சல். திரும்ப ஸ்கேன் எடுக்கணும். அடுத்த சனிக்கிழமை." அவர் போன பிறகும் நான் கம்பியை விடவில்லை.

செப்டம்பர் 20, சனி

வீட்டுக்கு வந்துவிட்டோம். தென்றல் என்னோடு மத்தியானம் வரை பேசவில்லை. பிறகு வந்து, "படி முழுக்கவா அப்பா ஏறினீங்க? உங்க முழங்காலோடயா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்துவிட்டு அழுதாள்.

மாலையில் துளசியிடம் கேட்டேன். "எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு. போன்ல அந்தப் புள்ள சொன்னதை நீயும் கேட்டே. நான் நீட்டினதும் வேண்டாம்னு சொல்லியிருக்கலாமல்ல?"

"எப்படிங்க சொல்றது? முருகன் பிரசாதம்."

"அது போகட்டும். டாக்டர் கேட்டப்பச் சொல்லியிருக்கலாமல்ல? இதயத்துல கம்பி விடறேன்னாங்களே, அப்பவாச்சும்?"

முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள், கை நிற்கவில்லை.

"இருபத்தாறு வருசத்துல எனக்காக ஒரு நாள் மலை ஏறினீங்க" என்றாள். "அதைத் தப்புன்னு ஒரு டாக்டர் எழுதி வெச்சுக்கட்டுமாக்கு?"

நான் எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டேன். இந்த மூன்று வாரத்தில் எனக்கு வந்த பயத்திலேயே பெரிய பயம் இதுதான். முப்பத்திரண்டு சதவீத பம்பிங்கோடு இவ்வளவு பெரிய காரியத்துக்குத் துணிந்துவிட்டாள். இதுவரை நான் அவளுக்கு என்ன செய்திருக்கிறேன், இப்படித் துணிவதற்கு?

செப்டம்பர் 26, வெள்ளி

எடை 57. பிரஷர் 110/70.

இன்றைக்கு அவள் என்ன தின்றாளோ அதையே நானும் தின்றேன். முட்டை, நெய், கறி. ஒரு பருக்கை சோறு இல்லை. சர்க்கரை டப்பா, வெல்லம், பழம், அந்தப் பஞ்சாமிர்தம் எல்லாவற்றையும் தென்றல் மூட்டை கட்டிப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டாள். என்னையும் சேர்த்துக் கட்டி வைத்திருப்பாள், இடமில்லை. பட்டறைக்குப் போகிறேன் என்றதற்கு, "எந்தப் பட்டறை அப்பா?" என்றாள். போகவில்லை.

ஏழு மணிக்கு மேல் நானும் தண்ணீர்தான். பசியை விடப் பயம்தான் அதிகம். நாளைக்கும் அந்த மோதிரம் முழுசாக எரிந்தால் இனி எந்தக் கரண்டிமேலும் பழி போட முடியாது.

செப்டம்பர் 27, சனி

எடுத்தாயிற்று. மஞ்சள் கயிறு அப்படியே இருந்தது, புதிதாகக் கட்ட வேண்டியிருக்கவில்லை. கொடியை மட்டும் கழற்றினாள்.

செப்டம்பர் 28, ஞாயிறு

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். போன் அடிக்கும்போதெல்லாம் குலை நடுங்குகிறது. காஸ் சிலிண்டர்க்காரன் கூப்பிட்டதற்கு எழுந்து நின்றுவிட்டேன்.

செப்டம்பர் 29, திங்கள்

டாக்டர் ரெஜினா படத்தைப் போட்டார். நான் முதலில் பார்க்கவில்லை. தென்றல் என் கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் நிமிர்ந்தேன்.

இதயம் கறுப்பாக இருந்தது. இரண்டு அறைக்கும் நடுச்சுவரில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு புள்ளி மட்டும் எரிந்தது. நெஞ்சுக்குள் ஒரு கட்டியிலும் கொஞ்சம்.

"இதுதான்" என்றார் டாக்டர். "இவ்வளவுதான். நெஞ்சுக் கட்டியில இருந்தே சாம்பிள் எடுத்துக்கலாம், இதயத்தைத் தொட வேண்டியதில்ல. மருந்து கேட்கும்னு நம்பறேன். உறுதியாச் சொல்ல மாட்டேன். மூணு மாசம் கழிச்சு மறுபடியும் இதே ரெண்டு ஸ்கேன். பம்பிங் ஏறுதான்னு பார்ப்போம்."

டாக்டர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளினார். முதல் தடவையாகச் சிரித்தார்.

கிளம்பும்போது துளசி கதவருகே தயங்கினாள்.

"மேடம், மொதல்ல எடுத்த படம் ஒண்ணு குடுப்பீங்களா?"

"அது தப்பான படம்மா. அதால ஒரு பிரயோஜனமும் இல்ல. புதுசைத் தர்றேன்."

"இல்லீங்க. அதுதான் வேணும்."

டாக்டர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் பிரிண்ட் கொடுத்தார்.

அக்டோபர் 1, புதன்

எடை 57. பிரஷர் 110/70. தண்ணீர் ஒன்றரை லிட்டர். மாத்திரை தொடங்கியாயிற்று.

ஆயுத பூஜை. தெருவில் எல்லாப் பட்டறையும் பொரியும் கடலையுமாக மூடிக்கிடக்க, வழக்கம்போல நான் மட்டும் திறந்தேன். பழக்கம் போகுமா? மத்தியானம் சாப்பிட வந்தபோது துளசி தூங்கிக்கொண்டிருந்தாள். விரல் வைத்துப் பார்த்தேன். மூச்சு வருகிறது. பயம் போகவில்லை, மூன்று மாதத்துக்குப் போகாது. அதற்கப்புறமும் போகுமா என்று தெரியவில்லை.

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். அலமாரி திறந்திருந்தது. முருகனுக்குப் பக்கத்தில் அந்தப் படத்தைச் சாய்த்து வைத்திருக்கிறாள். ஒரு இடம் விடாமல் முழுசாக எரிகிற இதயம். ஓரத்தில் பொட்டு வைத்து, ஒரு செம்பருத்தியும் வைத்திருக்கிறாள்.

தப்பான படம்தான். செம்பருத்தி வாடியிருந்தது. கொல்லையில் போய் வேறொன்று பறித்து வந்து வைத்தேன்.